சங்கிலியின் தரப்பு

திருவொற்றியூரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தார். கோயிலுக்குள் இருக்கும் மகிழ மரத்தடியில், சங்கிலியார் முன்னால். அப்புறம் வசந்தம் வந்தது, திருவாரூர்த் திருவிழாவின் நினைவு வந்தது. கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் பார்வை இழந்தன.

கதையின் இந்தச் சுருக்கம் வடசென்னையில் பலருக்கும் தெரியும். மாசிப் பெருவிழாவில் தியாகராஜர் கோயிலில் மகிழடி சேவை நடக்கும்போது கல்யாணமும் சத்தியமும் மறுபடி நிகழ்த்தப்படுகின்றன. கூட்டம் நெரியும். ஆனால் விட்டுப்போன நாளுக்குத் திருவிழா கிடையாது. சத்தியத்தைக் கொண்டாடுகிறோம், அது உடைந்த பிறகு திருவொற்றியூரிலேயே இருந்துவிட்ட ஒருத்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரியபுராணமும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்தக் கட்டுரை அந்த மௌனத்தை வாசிக்கப் பார்க்கிறது. அதற்கு எனக்கு உதவியது உரைநூல்கள் மட்டுமல்ல, கைவிடலைக் காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கும் சட்டப்பிரிவும்தான். வினோதமான சேர்க்கை என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

முதலில் சேக்கிழார் சொல்லும் விதம். இந்தப் பகுதி ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வருகிறது. சங்கிலியார் ஞாயிறு என்ற ஊரில் வேளாளர் குடியில் பிறந்தவர். சிவனடியாரைத் தவிர வேறு யாரையும் மணக்க மாட்டேன் என்று இளம் வயதிலேயே சொல்லிவிடுகிறார். அதை மதிக்காமல் பெண் கேட்டவன் சுற்றத்தோடு மாண்டான் என்ற செய்தி வந்ததும் பெற்றோர் பயந்துபோய், அவரைத் திருவொற்றியூரில் ஒரு கன்னிமாடத்தில், வேண்டிய பொருள்களோடு குடிவைக்கிறார்கள். அங்கே அவர் செய்வது பூத்தொடுக்கும் வேலை. திரைக்குப் பின்னால் இருந்து மாலை கட்டிக் கொடுக்கிறார். சுந்தரர் அவரைப் பார்ப்பது அந்தத் திரை விலகும் ஒரு கணத்தில்.

அதாவது, சுந்தரரைச் சந்திப்பதற்கு முன்பே சங்கிலிக்கு ஒரு வீடு இருக்கிறது, தொழில் இருக்கிறது, தன் வாழ்க்கையைப் பற்றி தானே எடுத்த முடிவு இருக்கிறது. சேக்கிழார் இவற்றையெல்லாம் சும்மா சொல்லவில்லை. அடுத்து வரும் கேள்வியைக் கேட்கத் தகுதியுள்ள ஒருத்தியாக அவரைத் தயார்செய்கிறார்.

சிவன் கனவில் வந்து சுந்தரரை மணக்கச் சொல்கிறார். சங்கிலி தலைவணங்குகிறார். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறார்: அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்பவர் ஆயிற்றே. பரவையின் பெயரைச் சொல்லாமலே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். கடவுளே மாப்பிள்ளை பார்த்தாலும், அந்த மாப்பிள்ளை என்னை விட்டுவிட்டுப் போவதற்கு வாய்ப்புண்டு என்று எடுத்துச் சொல்கிற மணப்பெண். அதன் பிறகுதான் சத்தியம் என்ற ஏற்பாடே வருகிறது. மணத்துக்கு முன்பே பிரிவை முன்னறிந்து அதற்கொரு காப்பு கேட்டவர் அவர்.

அந்தக் காப்பை உடைக்க உடனே ஒரு தந்திரமும் தயாராகிறது. சுந்தரர் தன் தோழனான இறைவனிடமே கேட்கிறார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும். சாட்சி இல்லாத இடத்தில் சொன்ன சொல் கட்டாது என்பது கணக்கு. இறைவன் சரி என்கிறார். பிறகு சங்கிலியிடம் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் செய்யச் சொல் என்கிறார். மறுநாள் சுந்தரர் சந்நிதிக்குள் நுழையப் பார்க்க, சங்கிலியின் தோழிகள், மகிழின் கீழே செய்தால் போதும் என்கிறார்கள். மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லை, செய்தார்.

சிரிப்பு வரவழைக்கும் இடம். உபன்யாசங்களில் இதை இறைவனின் திருவிளையாடலாகச் சொல்வார்கள். எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. சத்தியம் செய்கிற நேரத்திலேயே அதிலிருந்து வெளியேறும் வழியை ஒருவர் தேடியிருக்கிறார். பிரியும் எண்ணம் பிரிவுக்கு முன்பே இருந்திருக்கிறது.

இங்கேதான் சட்டம் நினைவுக்கு வந்தது. 1956-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பம்பாய்த் தம்பதியின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. கைவிடல் என்றால் என்ன என்பதற்கு இந்திய நீதிமன்றங்கள் இன்றும் திரும்பிப் போகும் தீர்ப்பு அது, எழுதியவர் நீதிபதி பி.பி.சின்ஹா. கணவர் வியாபாரமாக இங்கிலாந்து போய்த் திரும்பிய பிறகு, 1947 மே மாதம் மனைவி வீட்டை விட்டுப் பிறந்தகம் போனார். பம்பாயின் 1947-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கைவிட்டிருந்தால் விவாகரத்து உண்டு. கணவர் அதைக் காட்டி வழக்குப் போட்டார். வீட்டை விட்டுப் போனது மனைவிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் திரும்பி வர முயன்றதையும், அனுப்ப வேண்டாம் என்று கணவரே தந்தி கொடுத்துத் தடுத்ததையும் நீதிமன்றம் பார்த்தது. விவாகரத்து இல்லை என்று சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பு வகுத்துக் கொடுத்த இலக்கணம் எளிமையானது. கைவிடலுக்கு இரண்டு பாகங்கள். ஒன்று, உடலால் பிரிவது. இன்னொன்று, இல்வாழ்வை நிரந்தரமாக முடித்துவிடும் எண்ணம். சட்டக்காரர்கள் இதை லத்தீனில் 'அனிமஸ் டெசரெண்டி' என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். விடப்பட்டவர் பக்கமும் இரண்டு: பிரிவுக்கு அவர் சம்மதித்திருக்கக் கூடாது, விட்டுப்போக நியாயமான காரணம் தந்திருக்கவும் கூடாது.

இந்த இலக்கணத்தோடு சேக்கிழாரிடம் திரும்பினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. திருவாரூரை நினைத்து ஏங்கும்போது சுந்தரருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளம்பத் தீர்மானித்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. எல்லையைத் தாண்டிய அந்த அடியில்தான் கண் போகிறது. எண்ணமும் செயலும் சேரும் புள்ளி அது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர், அதுவும் சோழ அரசில் அமைச்சராக இருந்ததாகச் சொல்லப்படுபவர், குற்றம் எந்த இடத்தில் முழுமையடைகிறது என்று துல்லியமாகக் கோடு போட்டிருக்கிறார். சம்மதம்? சங்கிலி தரவில்லை. நியாயமான காரணம்? அவர் பக்கத்தில் ஒன்றுமில்லை. வழக்கு பூரணமாக நிரூபணமாகிறது, தண்டனையும் உடனே கிடைக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது.

கண்ணிழந்த சுந்தரர் பாடிக்கொண்டே போகிறார். திருமுல்லைவாயில் பதிகத்தில் சங்கிலிக்காகத் தன் கண்ணை எடுத்துக்கொண்டவன் என்று இறைவனைக் குறிப்பிடுகிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண் வருகிறது. திருவாரூரில் வலக்கண் வருகிறது. தமிழின் மிக உருக்கமான பதிகங்கள் சில இந்த வழியில் பிறந்தவை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிவாரணமும் திருவொற்றியூரிலிருந்து மேலும் தள்ளித்தான் கிடைக்கிறது. கைவிட்ட குற்றம் திரும்பிப் போனால் தீரும் என்பது சட்டத்தின் பொதுப்புத்தி. இங்கே திரும்பாமலே தீர்ந்துவிடுகிறது. தண்டனை சங்கிலியின் பெயரால் வந்தது. மன்னிப்பு வந்தபோது அவரை யாரும் கேட்கவில்லை.

திருவாரூரில் இன்னொரு கதவு அடைத்திருக்கிறது. சங்கிலி விஷயம் தெரிந்த பரவை, சுந்தரரை வீட்டுக்குள் விடவில்லை. அப்போது யார் தூது போனார்? சிவனே போனார். அர்ச்சகர் வேடத்தில் ஒருமுறை, அது பலிக்காமல் இரண்டாம் முறை. நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் கடவுள் நடந்து போகும் அந்தக் காட்சியை மறக்க முடியாது. கடவுளை ஒரு பெண்ணிடம் தூது அனுப்புவதா என்று கலிக்காமர் கொதித்துப்போகிறார். சூலை நோய் தந்து, அதைத் தீர்க்க சுந்தரர் வருவார் என்றதும், அவரால் குணமாவதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். புராணத்தின் உச்சமான கோபம் அது. அந்தக் கோபமும் சங்கிலிக்காக அல்ல. ஆக, பரவையின் ஊடலுக்குத் தூது உண்டு, கடவுளின் மரியாதைக்குப் பரிந்து பேச ஆள் உண்டு. திருவொற்றியூர்ப் பக்கம் யாரும் போகவில்லை.

அந்தக் காலத்தில் அதெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் வழக்கம் இருந்திருக்கிறது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள் பேகனிடம் பாடப்பட்டவை. மயிலுக்குப் போர்வை தந்த அதே பேகன், தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய், அவள் அழுதுகொண்டிருக்கிறாள், வீட்டுக்குப் போ என்றார்கள். பரிசில் வேண்டாம், நீ அவளிடம் போவதுதான் எங்களுக்குப் பரிசில் என்றுகூடக் கேட்டார்கள். வறுமையில் வாழ்ந்த புலவர்கள் பரிசை விட்டுக்கொடுத்துக் கேட்டது சின்ன விஷயமில்லை. விடப்பட்டவளின் தரப்பைச் சபையில் சொல்வது புலவனின் வேலை என்ற மரபு இருந்திருக்கிறது. சங்கிலிக்கு அப்படி ஒரு கபிலர் கிடைக்கவில்லை.

பெரியபுராணத்திலேயே இன்னொரு விடப்பட்ட பெண் உண்டு. காரைக்காலின் புனிதவதி. அவர் கணவன் பரமதத்தன் வணிகன். மாங்கனி அற்புதத்தைக் கண்டு பயந்து, வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேறொருத்தியை மணந்து குடும்பமாகிவிடுகிறான். பெண் பிறந்ததும் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். எண்ணத்தோடு பிரிவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தத் தீர்ப்பிலும் இருக்காது. ஆனால் புனிதவதியின் உறவினர்கள் சும்மா இருக்கவில்லை. அவன் இருக்கும் இடம் தெரிந்ததும் அவரைப் பல்லக்கில் ஏற்றி அங்கேயே கொண்டுபோகிறார்கள். அவன் குடும்பத்தோடு காலில் விழுந்து, இவர் மானுடர் அல்லர், தெய்வம் என்று எல்லார் முன்னாலும் காரணம் சொல்கிறான். ஏற்கத்தக்க காரணமா என்பது வேறு விஷயம். விட்டுப்போனவன் விடப்பட்டவளின் முகத்துக்கு நேராக நின்று ஏன் போனேன் என்று சொன்னான். அதோடு அந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் காரைக்கால் அம்மையார், தன் குரலில் தானே பாடியவர். அந்த ஒரு சந்திப்பு இல்லாவிட்டால் அவர் கடைசிவரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரோ என்னவோ.

திருவொற்றியூர் கோயிலிலேயே வட்டப்பாறையம்மன் சந்நிதி இருக்கிறது. அவள் சிலப்பதிகாரக் கண்ணகிதான் என்று செவிவழிக் கதை உண்டு. கைவிடப்பட்ட பெண் என்றதும் நமக்குக் கண்ணகிதான் ஞாபகம் வருகிறாள். யோசித்தால் அவள் வழக்கு வேறு. கோவலன் திரும்பி வந்தான், அவள் ஏற்றுக்கொண்டாள். அவள் ஊரை எரித்தது அவன் கொல்லப்பட்டதற்காக. திரும்பியே வராதவனுக்காக எந்த ஊரை எரிப்பது?

இந்தக் கேள்விக்கு இலக்கியத்தில் பதில் தேடுவதைவிட எங்கள் தெருவில் தேடலாம். எங்கள் பேச்சில் இதற்குப் பெரிய சொல்லெல்லாம் இல்லை. "வுட்டுட்டுப் பூட்டான்," அவ்வளவுதான். துறைமுகம், எண்ணூர் அனல்மின் நிலையங்கள், கன்டெய்னர் யார்டு, மீன்பிடி விசைப்படகு, கப்பல் வேலை என்று ஆண்கள் போய் வருவதை வைத்தே வாழ்க்கை ஓடும் பகுதி. போனவர்களில் சிலர் வருவதில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்த அக்கா ஒருவர் எங்கள் வரிசையில் இருந்தார். கணவர் வெளிநாட்டு வேலை என்று போனார். முதல் வருடம் பணம் வந்தது, பிறகு போன் மட்டும், பிறகு அதுவும் இல்லை. அவர் ஒருமுறை சொன்னது இது: "செத்துட்டான்னா தெவசம் குடுக்கலாம் தம்பி. உட்டுட்டுப் போனவனுக்கு இன்னா குடுக்கறது?"

அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தமிழ் ஒரு பெயர் வைத்திருக்கிறது: வாழாவெட்டி. போனவனுக்குப் பெயர் இல்லை. ஒரு செயலைச் செய்தவனுக்குச் சொல் இல்லாமல், அதை அனுபவித்தவளுக்கு மட்டும் வசைச்சொல் இருக்கிறது என்றால், மொழி எந்தப் பக்கம் நின்று பேசுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நான் மென்பொருளில் வேலை செய்கிறேன். பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் அமைப்புகளில் ஒரு பழைய தொல்லை உண்டு. ஒரு சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் அது செத்துவிட்டதா, தாமதமாகிறதா, நடுவில் இணைப்பு அறுந்துவிட்டதா என்று இன்னொரு சர்வரால் உறுதியாகச் சொல்ல முடியாது. எவ்வளவு புத்திசாலித்தனமாக எழுதினாலும் முடியாது. அதனால் டைம்-அவுட் வைப்போம். இத்தனை நொடி பார், அப்புறம் அது இல்லை என்று வைத்துக்கொண்டு உன் வேலையைப் பார். கைவிடல் சட்டத்தைப் படித்தபோது, இது எனக்குத் தெரிந்த சமாச்சாரம்தானே என்று தோன்றியது.

ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கடிகாரங்கள் பல. இந்து திருமணச் சட்டத்தில் 1955-இல் கைவிடலுக்கு நீதிமன்றப் பிரிவு மட்டுமே கிடைத்தது. 1976 திருத்தத்துக்குப் பிறகுதான் தொடர்ந்து 2 ஆண்டுகள் கைவிட்டால் விவாகரத்து. ராயபுரத்தின் கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைவிட்டது மட்டும் போதாது, அதோடு கணவனின் பிறன்மனைத் தொடர்பையும் அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. கணவனுக்கோ மனைவியின் பிறன்மனைத் தொடர்பு ஒன்றே போதும். இந்த அநியாயம் 2001-இல்தான் திருத்தப்பட்டது. முஸ்லிம் பெண்ணுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டம்: கணவன் இருக்குமிடம் 4 ஆண்டுகள் தெரியாவிட்டால், அல்லது 2 ஆண்டுகள் பராமரிப்புத் தராவிட்டால். இறந்ததாகக் கொள்ள 7 ஆண்டுகள். கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான தமிழக அரசின் ஓய்வூதியத்துக்கு, கோர்ட்டு உத்தரவு இல்லாவிட்டால், குறைந்தது 5 ஆண்டுகள். மூன்று மதத்தாரும் அடுத்தடுத்து வாழும் ஒரே தெருவில் ஆளுக்கொரு டைம்-அவுட்.

இந்தக் கடிகாரங்கள் ஓடி முடிந்தாலும் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். சட்டப்படி முடிக்காமல் பிரிந்து வாழ்பவர்கள் ஏறக்குறைய அதைப்போல் இரண்டரை மடங்கு. மணமானவர் என்றும் இல்லை, ஆகாதவர் என்றும் இல்லை. சங்கிலி இருந்த இடம் அதுதான்.

தையல்கார அக்கா பல வருடம் கழித்துக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனார். கணவரின் முகவரி தெரியாது. அப்படிப்பட்டவருக்கு, நீதிமன்றம் அனுமதித்தால், நாளிதழில் அறிவிப்புப் போட்டுச் சம்மன் அனுப்பியதாக வைத்துக்கொள்வார்கள். இன்ன தேதியில் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும் என்று மூன்று விரல் அகலத்தில் வரும். எவ்வளவோ பேர் புரட்டிவிட்டுப் போகும் மூலை. சங்கிலிக்குக் கிடைக்காத தூது இவருக்கு இந்த வடிவில் கிடைத்தது. எதிர்மனுதாரர் வரவில்லை. தீர்ப்பு வந்தது.

அவர் மனுவை நான் படித்தேன். வக்கீல் குமாஸ்தா தமிழ், எண்ணிட்ட பத்திகள். திருமணம் இந்த நாளில், இந்த இடத்தில் நடந்தது. எதிர்மனுதாரர் இந்த நாளில் வீட்டை விட்டுச் சென்றார். மனுதாரர் சம்மதிக்கவில்லை. நியாயமான காரணம் எதுவும் இல்லை. கடைசியாகப் பேசியது இந்த நாளில். இலக்கியமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் விட்டுப்போனவரைப் பற்றிய கதையை விடப்பட்டவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே சொல்லும் பிரதி வேறு எது? கதையை ஆரம்பிப்பதும் அவர், இன்னின்ன தேதி என்று நிறுத்துவதும் அவர். ஊரில் விவாகரத்து என்றாலே குடும்பம் உடைந்தது என்பார்கள். கைவிடல் வழக்கில் அது உடைந்து வருடக்கணக்காகிவிட்டது. எப்போது, யாரால் என்று ஒரு பொது இடத்தில் எழுதிவைக்கும் காரியத்தைத்தான் விவாகரத்து செய்கிறது.

பக்தர்கள் என் வாசிப்பை மறுக்கலாம். சுந்தரர், பரவை, சங்கிலி மூவரும் கயிலையிலிருந்து வந்தவர்கள், முன்பே விதிக்கப்பட்ட லீலை, இதில் போய் இபிகோ பேசுகிறாயா என்று. நியாயமான ஆட்சேபம். ஆனால் எல்லை, சாட்சி, சத்தியம், தண்டனை என்ற ஏற்பாட்டை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. சேக்கிழாரே கட்டிவைத்தது அது. லீலையாக மட்டும் சொல்ல நினைத்திருந்தால் சங்கிலியின் வாயில் அந்தக் கேள்வியை வைத்திருக்க வேண்டியதில்லை. தோழிகள் மகிழடியைக் காட்டியிருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்க ஒருத்தியை உருவாக்கிவிட்டு, பதில் கிடைக்காதபோது அவர் என்ன ஆனார் என்று பார்க்காமல் திருவாரூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பதுதான் என் மனக்குறை. காவியத்தின் தலைவன் போன திசையில் காவியமும் போய்விட்டது.

ஆனால் கடைசியில், வெள்ளானைச் சருக்கத்தில், ஓரிடம் உண்டு. சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போய்ச் சேர்கிறார். பரவையும் சங்கிலியும் கமலினி, அனிந்திதை என்ற பழைய பெயர்களோடு அங்கே இருக்கிறார்கள். இருவரும் அவருடைய மனைவியராகத் தொடர்வதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. உமையம்மையின் கோயிலில் தத்தம் தொழிலில் நின்றார்கள் என்கிறார். திருவொற்றியூரில் திரைக்குப் பின்னால் மாலை கட்டிக்கொண்டிருந்தவருக்கு அவருடைய வேலை திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரியை நான் சேக்கிழார் சங்கிலிக்குத் தந்த விடுதலைப் பத்திரமாக வாசிக்கிறேன். தாமதமாக வந்தது, அதையும் அவரிடம் கேட்டுத் தரவில்லை. இருந்தாலும் ஏட்டில் இருக்கிறது.